ஏழு சனிக்கிழமைகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை போவாடி கருவிப் பை இல்லாமல் வந்தான். கையில் இரண்டு ஜின் பாட்டில், பக்கத்தில் அவனுடைய பெரியப்பா.

எலக்ட்ரீஷியன் பாட்டிலோடு வந்து கதவைத் தட்டினால், ஊர் வழக்கப்படி அது பெண் கேட்கத்தான் என்று மான்சாவுக்குத் தெரியாதா? வாயெல்லாம் பல்லாக நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். மகள் செர்வாவின் தாய்மாமன் ஓஃபோரியை அடுத்த தெருவிலிருந்து வரவழைத்து, நேராக உள்ளறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"நான் அப்பவே நினைச்சேண்ணே! ஏழு வாரமா சனிக்கிழமையானா இந்த வீட்டுல கரண்டு போகுது. ஒரு வாரம் சுவிட்ச், ஒரு வாரம் ஹோல்டர், ஒரு வாரம் ஃபியூஸ். உன் மருமக உடனே இவனுக்கு போன் போட்டுடுவா. இவன் ஏணியில ஏறினா, கீழ பிடிச்சுக்கிட்டு வெச்ச கண்ணு வாங்காம பார்ப்பா!"

"கூலி?"

"வாங்கவே மாட்டான். ஃபூஃபூ மட்டும் ரெண்டு தட்டு சாப்பிடுவான்."

ஓஃபோரி சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். நான்கு நாளாக அவர் கையெழுத்துக்குக் காத்திருந்த தொழில்நுட்பக் கல்லூரி விண்ணப்பம். அம்மா சொல்லிப் போட்ட கேட்டரிங்கை அடித்துவிட்டு, செர்வா எலக்ட்ரிகலில் குறி போட்டிருந்தாள்.

"அப்போ இது?"

"அதுவும் இவன் படிச்ச பாடம்தானே! கேட்டரிங்குக்குப் பரீட்சையே கிடையாது. இதுல கையெழுத்து வாங்கிக்கிட்டு நாளைக்கே பரீட்சைக்குப் போகணுமாம். கெட்டுப்போன போர்டைக் குடுத்துப் பழுதைக் கண்டுபிடிக்கச் சொல்லுவாங்களாம். இவளுக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை? நிச்சயம் பண்ணிட்டா படிப்புப் பேச்சே போயிடும். கையெழுத்துப் போட்டுடாதேண்ணே."

காகிதம் பழையபடி பைக்குள் போனது.

கூடத்தில் பெரியப்பா தொண்டையைச் செருமினார். "உங்க தோட்டத்துல ஒரு பூ பார்த்தோம். பறிச்சுக்கலாமான்னு கேக்க வந்திருக்கோம்."

"பூவையே கேட்டுடுவோம்" என்று ஓஃபோரி மருமகளை அழைத்தார். அவள் சரி என்றால்தான் பாட்டிலைத் திறக்க வேண்டும்.

"இவரைத் தெரியுமாம்மா?"

போவாடி தலை நிமிரவில்லை. பாவம், சட்டையின் மடிப்புகூடக் கலையாமல் வந்திருந்தான். செர்வா அவனைப் பார்த்தாள். மாமாவின் பையில் நீட்டிக்கொண்டிருந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள். அழுகை வரும்போலிருந்தது.

"தெரியும் மாமா. நாளைக்கு நடக்கிற பரீட்சைக்காக நான்தான் வாராவாரம் ஒரு வயரைக் கழட்டிவிட்டேன். அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு இவரைப் பார்த்துத்தான் படிச்சேன். இவர் என் வாத்தியார்."

மான்சா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெரியப்பா பாட்டில்களைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

போவாடி சட்டைப் பையில் தடவிப் பேனாவை எடுத்து ஓஃபோரியிடம் நீட்டினான்.

"கையெழுத்துப் போட்டுடுங்க மாமா. நேத்து இவங்க வெச்ச பழுதைக் கண்டுபிடிக்க எனக்கே ரெண்டு மணி நேரம் ஆச்சு!"