ஊக்கு செய்த உதவி

ஓயாமல் பாத்திரம் தேய்க்கும் ஒரு கையின் கட்டைவிரலில் நகமும் சதையும் குடியிருந்தன. ஈரத்தில் ஊறி ஊறி, நகத்தின் நுனி சதையை விட்டுத் தூக்கிக்கொண்டது. இப்படியே முழுதும் கழன்றுவிடுமோ என்று சதைக்குப் பயம்.

வளையலில் தொங்கிய ஊக்கு எட்டிப் பார்த்தது.

“அடடா, உள்ளே அழுக்கு! உன்னோட அழுக்கா, அவரோட அழுக்கான்னு பார்த்துச் சொல்றேன், இரு தங்கச்சி” என்று நுழைந்து கிளறியது. தினமும் வந்தது. இடுக்கு அகன்றது, அகன்ற இடத்தில் அழுக்கும் கூடியது.

“நான் மட்டும் வரலேன்னா உங்க கதி?” என்றது ஊக்கு.

ஒரு நாள் நகவெட்டி வந்து நின்றது. சதை நகத்தை இறுகப் பிடித்துக்கொண்டது.

“பயப்படாதே” என்றது நகம். “தூக்கினது இனி ஒட்டாது, போகட்டும். அடியில நான் உன்னோடதானே இருக்கேன்?”

நுனி போனது. திறந்த இடம் சில நாள் காந்தியது. கை, உறை மாட்டிக்கொண்டு பாத்திரம் தேய்த்து, அதை ஈரம் படாமல் பார்த்துக்கொண்டது. நகம் சதையை அணைத்தபடியே அடியிலிருந்து மெல்ல வளர்ந்து வந்தது.

ஊக்கு திரும்ப வந்தபோது நுழைய இடுக்கில்லை.

“நன்றி கெட்டதுங்க” என்று முனகிக்கொண்டு பக்கத்து விரலுக்குப் போனது.

“எங்ககிட்ட அழுக்கே இல்லையே, அண்ணே” என்றது அங்கிருந்த சதை.

“இருக்கும்மா. கொஞ்சம் தூக்கிப் பார்த்தாத்தானே தெரியும்” என்றது ஊக்கு.