நன்றி சொல்லாத ஜெபம்

கேரளத்துச் செல்லானம் கடற்கரையில் மழை ஓய்ந்த சாயங்காலம். மீன்பிடிக்கக் கடலுக்குப் போய்ப் பிணமாகத் திரும்பிய செபாஸ்டியனை அடக்கம் செய்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. இயேசுவின் திருஇருதயப் படத்தின் முன்னால் எரியும் சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில் அவன் மனைவி பிலோமினா முழங்காலிட்டிருக்கிறாள். கூட ஜெபிக்க வந்த பக்கத்து வீட்டு செலின் அவள் முதுகைத் தடவுகிறாள். "எல்லாம் அவரோட சித்தம் மோளே. நன்றி சொல்லு, சமாதானம் கிடைக்கும்." பிலோமினா அந்தக் கையைத் தட்டிவிடுகிறாள். "நன்றியா? எதுக்கு?" வேதபுத்தகத்தைப் பிரித்து, தேவன் தன்னை மறந்துவிட்டார் என்று ஒருவன் முறையிடும் சங்கீதப் பாடலை, படத்தை நோக்கிக் கத்தி வாசிக்கிறாள். மேசையை ஓங்கி அறைகிறாள். விளக்கின் சுடர் நடுங்குகிறது. செலின் பதறுகிறாள். "யாரைடீ திட்டறே? பாவம்டீ!" "நான் எங்க திட்டறேன் சேச்சி? இதுல இருக்கறதத்தான் வாசிக்கிறேன்." தொண்டை கட்டும்வரை வாசிக்கிறாள். பிறகு மூச்சு மெல்லச் சீராகிறது. இறுகியிருந்த விரல்கள் தளர்கின்றன. "கோபம் போகலை சேச்சி. ஆனா இன்னிக்குத்தான் அவர்கிட்ட நெஜமாப் பேசியிருக்கேன்." வெளியே அலை கல்லில் மோதுகிறது. இதே கடலுக்கு மகனைக் கொடுத்துவிட்டு, வருஷக்கணக்காக நன்றி மட்டுமே சொல்லிவந்த செலின், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்கிறாள். "நீ வாசிச்சது எந்த எடம்? எனக்கும் காட்டு."