குழாயில்தான் கோளாறு

"மறுபடியும் உப்பு சாரா?"

குடிநீர் அலுவலகத்தில் ஒரே சிரிப்பு. அந்த வீட்டிலிருந்து புகார் வருவது இது முதல் தடவை அல்ல. 'குழாய்த் தண்ணீர் ஒரே உப்பு. வாயில் வைக்க முடியவில்லை.' அதே தெருவில் வேறு யாரும் வாயைத் திறந்ததே இல்லை.

"நேர்லயே போய் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வாம்மா. இனிமே பொய்ப் புகார் குடுத்தா அபராதம்னு சொல்லு" என்றார் மேலதிகாரி.

ஆய்வாளருக்கும் எரிச்சல்தான். நிஜமாகவே கலங்கல் தண்ணீர் வரும் தெருக்கள் அவளுக்காகக் காத்துக் கிடந்தன. வேலையற்ற மனுஷர் ஒருவருக்காக இந்த வெயிலில் வண்டியை ஓட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

உப்பு சார் வாசலிலேயே நின்றிருந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். குரலில் இன்னமும் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் கணீர்.

"வாங்கம்மா! இந்த அநியாயத்தை நீங்களே வந்து பாருங்க!"

சமையலறைக் குழாயைத் திறந்து சின்னக் குப்பியில் தண்ணீர் பிடித்தாள். பையிலிருந்த சோதனைப் பொடியைப் போட்டதும் தண்ணீர் சிவந்தது. அடுத்து உப்பின் அளவு காட்டும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். உப்புத் தண்ணீர் என்றால் லேசில் நிறம் மாறாது. இதுவோ விட்டதுமே நீலமாகிவிட்டது.

குழாய் மூக்கைப் பார்த்தாள். வெள்ளைப் படிவு பொட்டளவுகூட இல்லை. கெட்டிலுக்குள் எட்டிப் பார்த்தாள். பளபளவென்று இருந்தது.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாத்தியாரைக் கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

"சார், இது ஒண்ணாந்தரத் தண்ணி. என் வீட்டுக்கே இவ்வளவு நல்ல தண்ணி வர்றதில்ல. எங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லன்னு நினைச்சீங்களா? இனிமே நீங்க..."

"மெதுவாப் பேசுங்கம்மா" என்று பதறினார். அதுவரை தெருவுக்கே கேட்கக் கத்தியவர் அவர்தான். "முதல்ல ஒரு வாய் டீ குடிங்க. அப்புறம் திட்டுங்க."

அவர் மனைவி இரண்டு கோப்பைகளோடு வந்தார். சிரித்த முகம்.

"சூடு ஆறிடப் போகுதும்மா, குடிங்க."

ஆய்வாளர் ஒரு மடக்கு குடித்தாள்.

உப்பு! நாக்கு சுருண்டுவிட்டது. சர்க்கரைக்குப் பதிலாக உப்பு. அதுவும் கரண்டி கரண்டியாக.

அந்த அம்மாளின் சிரிப்பு வாடியது. விரல்கள் ஒன்றையொன்று பிசைந்தன.

"என்னம்மா... நல்லா இல்லையா? நான் ஏதாவது..."

வாத்தியார் தன் கோப்பையை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். முகம் சுளிக்கவே இல்லை.

"பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல! இவ போடுற டீக்கு எங்க சொந்தக்காரங்க வரிசை கட்டி நின்னவங்க. இந்தப் பாழாப்போன தண்ணியில தேவலோகத்துலேர்ந்து ஆள் வந்து போட்டாலும் இந்த லட்சணத்துலதான் இருக்கும்!"

கத்திவிட்டு ஆய்வாளரைப் பார்த்தார். குரல்தான் மிரட்டியது. கண்கள் கெஞ்சின.

கேட்கலாம் என்று கொண்டுவந்திருந்த நாலு வார்த்தையும் அவள் தொண்டைக்குள்ளேயே கரைந்துபோயின. மிச்ச டீயையும் மடமடவென்று குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினாள்.

"சார் சொல்றது சரிதாம்மா. நான்தான் அவசரத்துல தப்பாப் பார்த்துட்டேன். உங்க கைப்பக்குவத்துக்கு ஒரு குறையும் இல்ல. குழாய்லதான் கோளாறு. அப்பப்ப நானே வந்து பார்க்கிறேன்."

"கேட்டியா? ஆபீசரே சொல்லிட்டாங்க!" என்றார் வாத்தியார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளைபோல அவர் முகம் மலர்ந்தது. கோப்பைகளை அவரே வாங்கிக் கழுவ எடுத்துப்போனார்.

ஆய்வாளர் வண்டியைக் கிளப்பப் போனபோது, அந்த அம்மாள் விடுவிடுவென்று வாசலுக்கு வந்தார்.

"ஒரு நிமிஷம் இரும்மா." உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பொய் சொன்னதுக்கு ரொம்ப நன்றி."

ஆய்வாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மறதி நோய்மா எனக்கு. கை தப்புப் பண்ணிடுது. புத்திக்கு அப்புறம்தான் உறைக்குது. சில நாள் அதுவும் உறைக்காது. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவரு நினைச்சுக்கிட்டிருக்காரு."

உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூடவே வாத்தியார் குழாயைத் திட்டும் சத்தமும்.

"மறுபடியும் புகார் குடுத்தாருன்னா கோவிச்சுக்காம வாம்மா. தண்ணியோட சண்டை போடுற வரைக்கும்தான் அவரு அழாம இருக்காரு."