டிரம் ஓடும் நேரம்

மாமியார் ஞானசுந்தரி படியேறி வருவதைப் பார்த்ததும் ஜெயசீலியின் கை தானாக முகத்துக்கு முன்னால் போனது, அடியைத் தடுக்கிற மாதிரி. புகுந்த வீட்டை விட்டு ஓடிவந்து ஒன்பது வருஷம் ஆகியும் அந்தக் கைக்கு அது மறக்கவில்லை.

ஷூ கம்பெனியில் நாலு வருஷம் தைத்து, அப்புறம் தன்னைவிடச் சின்னவர்களோடு சட்டக் கல்லூரி பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிக்கு எதிர் மாடியில் ‘ஜெயசீலி, வழக்கறிஞர்’ என்று போர்டு மாட்டிப் பத்து நாள்தான் ஆகிறது.

கீழே பைக்கில் கிருபானந்தம். ஒருகாலத்தில் அவளுக்குப் புருஷன். அந்தப் போர்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாத்துக்கு வந்தீங்க?”

“போர்டக் கழட்டச் சொல்லி அனுப்பினான்.”

“கழட்டலன்னா?”

கிழவி உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த வெயிலிலும் முந்தானையை வலது கை முழுக்கச் சுற்றி மறைத்திருந்தாள். உள்ளே எதையோ வைத்திருக்கிறாள் என்று ஜெயசீலிக்குப் பட்டது.

“எதிர்ல டிரம்மு எத்தினி மணிக்கு ஓட்டுவாங்க?”

புகுந்த வீடும் ஒரு டேனரிக்குப் பக்கத்து வீடுதான். தோல் ஊறும் அந்தப் பெரிய மர டிரம் உருள ஆரம்பித்தால் இடி விழுந்தாலும் கேட்காது. அதற்காகவே கிருபானந்தம் காத்திருப்பான். டிரம் ஓடியதும் இந்த அம்மாள் வெளியே போய்க் கதவைத் தாழ்ப்பாள் போடுவாள். உள்ளே ஜெயசீலி கத்தியது எந்த நாளும் யார் காதிலும் விழுந்ததில்லை.

“மூணு மணிக்கு.”

கடிகாரத்தில் இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கிழவி அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெயசீலி செல்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு தடவை ஓடியது போதும், இந்த அறையை விட்டு ஓடுவதில்லை என்று பல்லைக் கடித்தாள்.

மூன்று மணிக்கு டிரம் உருண்டது. மேஜைமேல் தண்ணீர் டம்ளர் கிடுகிடுத்தது.

ஞானசுந்தரி எழுந்தாள். ஜன்னல் வழியாகக் கீழே ஒரு பார்வை. பிறகு இடது கையால் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், உள்பக்கமாக.

“இன்னா பண்றீங்க?” ஜெயசீலி எழுந்துவிட்டாள். குரல் டிரம் சத்தத்தில் அமுங்கிப்போனது.

கிழவி பக்கத்தில் வந்து முந்தானையை மெல்லப் பிரித்தாள். இரண்டு ஸ்கேலை வைத்துப் பழந்துணியால் கட்டிய கை, முழங்கை வரை வீங்கிக் கறுத்திருந்தது.

“இப்ப அவனுக்குக் கேக்காது, எழுதிக்கம்மா. எம் மவன்தான் ஒடிச்சான்.”