இன்னைக்கு யார் முறை

மொட்டைமாடித் தண்ணித்தொட்டிக்குக் கீழ ஒரு பொந்து. ஓனர் காக்கா கேட்ட வாடகை ஒத்தையா கட்டி மாளாதுன்னு அணிலும் மைனாவும் சேர்ந்து குடிவந்துச்சுங்க. ஒருத்தி இரை தேடப் போனா இன்னொருத்தி காவல். குட்டியும் குஞ்சும் பயமில்லாம தூங்குச்சுங்க.

அன்னைக்குக் காவல் மைனா முறை.

"நேத்து பாதியில கிளம்பிட்டல்ல, இன்னைக்கு நீயே இரு"ன்னு மைனா பறந்துருச்சு.

"நான் என்ன உன் வேலைக்காரியாடி?" அணிலும் கோவத்துல கிளம்பிருச்சு.

ரெண்டும் திரும்பி வந்தா, பூனை மீசைய நக்கிக்கிட்டே இறங்குது. பொந்து காலி.

"இன்னைக்கு யாருடி இருந்திருக்கணும்?" மைனா கதறுச்சு.

"நீதான்."

அணில் ஜெயிச்சிருச்சு. குட்டி படுத்திருந்த பஞ்சு மட்டும் இன்னும் கதகதன்னு இருந்துச்சு.