பாரிஸ் ராணி லேபிள்

தாளாளர் ராஜபாண்டியன் லேபிள் புரூஃபை மேசைமேல் விரித்து, சுருளாமல் இருக்க இரண்டு பக்கமும் பேப்பர் வெயிட் வைத்தார்.

"அடியில இருக்க பிரெஞ்சு வரிய மட்டும் பாருங்க சார். நீங்க கையெழுத்துப் போட்டீகன்னா மிஷின்ல ஏத்திருவாக."

அவருக்கு மூன்று தொழில். பட்டாசு, பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அச்சகம், எங்கள் பள்ளி. மூன்றையும் அவர் கம்பெனி என்றுதான் சொல்வார்.

மூன்றாவது கம்பெனியில் நான் பிரெஞ்சு ஆசிரியர். எல்.கே.ஜி. முதல் எட்டாம் வகுப்பு வரை நான் ஒருவனே. சூலக்கரை பக்கம் வைத்திருக்கும் பிளக்ஸில் எனக்குப் பின்னால் ஈபிள் கோபுரம் நிற்கிறது. என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

இரண்டு ஆண்டுகளில் பலன் இல்லாமல் இல்லை.

எல்.கே.ஜி. குழந்தைகள் வாட்ச்மேனுக்கும் வாட்ச்மேன் வளர்க்கும் நாய்க்கும் ஒரே மரியாதையோடு 'போன்ழூர்' என்று வணக்கம் சொல்கிறார்கள்.

மூன்றாம் வகுப்புக்குக் கலர் மத்தாப்புக் குச்சியைக் காட்டி நிறங்களை நடத்தினேன். சிவப்பும் பச்சையும் நன்றாகத் தெரியும். மற்ற நிறங்களுக்குக் கம்பெனியிலிருந்து சாம்பிள் வரவில்லை.

ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு வேலை பார்க்கும் வேலுத்தாய் போன வாரம் கேட்டில் என்னை மறித்துக்கொண்டார். மகன் யு.கே.ஜி.

"ஏன் சார், சோறு ஊட்டுனா 'நோன் மெர்சி'ங்கான். சோத்த வேண்டாங்கதுக்குத் தனியா ஒரு பாஷையா?"

எட்டாம் வகுப்பில் அத்தனை பேரும் நூற்றுக்கு நூறு. கேள்வித்தாளை எடுப்பதும் நான்தான், திருத்துவதும் நான்தான், முதல் நாளே பதிலைப் போர்டில் எழுதிப்போடுவதும் நான்தான். ஆகவே முறைகேட்டுக்கு வழியே இல்லை.

ஒரு குறைதான். இதுவரை யாரும் பிரெஞ்சில் சொந்தமாக ஒரு வாக்கியம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை.

"பாப்பா எழுதுனது," என்றார் தாளாளர்.

பாப்பா என்பது அவர் மகள் ஸ்ரீமதி. ஏழாம் வகுப்பு. அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"'எங்கள் வெளிச்சம் உலகெல்லாம் பரவட்டும்'. இத பிரெஞ்சுல எழுதுன்னேன். ஒரு நிமிசம், எழுதிட்டா. சரியா இருந்தா பிரெஞ்சு ஓடட்டும் சார். தப்புன்னா வர்ற ஜூன்ல பிரெஞ்ச எடுத்துட்டு அபாகஸ் போட்டுருவோம். பெத்தவுக அம்புட்டுப் பேரும் அதத்தான் கேக்காக."

என் வேலை அந்த ஒரு வரியில் இருந்தது. குனிந்தேன்.

உச்சியில் 'இருக்கன்குடி மாரியம்மன் துணை'. நடுவில் ஈபிள் கோபுரம். அதைச் சுற்றி, பெட்டிக்குள் இருக்கும் இருநூற்று நாற்பது ஷாட்டும் ஒரே நேரத்தில் வெடித்துக்கொண்டிருந்தன. முன்னால் பட்டுப்பாவாடையில் ஸ்ரீமதியின் போட்டோ, வாய் நிறையச் சிரிப்பு. 'பாரிஸ் ராணி' என்று பெயர். அதற்கும் கீழே, தங்க நிறத்தில் அந்த வரி.

படித்தேன். இன்னொரு முறை படித்தேன்.

பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அதில் வெளிச்சமும் இல்லை, உலகமும் இல்லை.

நிமிர்ந்தேன். ஸ்ரீமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, பிரெஞ்சில் சொன்னாள்: அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

நான் நடத்திய எந்தப் பாடத்திலும் அப்படி ஒரு வாக்கியம் கிடையாது. எங்கள் புத்தகத்தில் பியர் என்று ஒருவன் ரொட்டி வாங்கப் போவான். இரண்டு ஆண்டுகளாகப் போய்க்கொண்டே இருக்கிறான்.

தாளாளருக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "கேட்டீகளா, எம்புட்டு வேகமாப் பேசுதா! என்ன சொல்லுதா?"

"எழுதினது சரியான்னு கேக்குது சார்."

"சரியா?"

புரூஃபில் கையெழுத்துப் போட்டவர்தான் பிழைக்குப் பொறுப்பு. அது அச்சகத்துச் சட்டம். போன சீசனில் ஒரு லேபிளில் மயில் தலைகீழாக அச்சாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட நாகையா அன்று சாயங்காலமே ஒரேயடியாக வீட்டுக்குப் போனார். மயில் மட்டும் சந்தைக்குப் போனது.

ஸ்ரீமதி நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"சரிதான் சார்," என்றேன். "எங்கள் வெளிச்சம் உலகெல்லாம் பரவட்டும். இதைவிட நல்லா என்னாலயே எழுத முடியாது."

கடைசி வாக்கியம் மட்டும் உண்மை.

கையெழுத்துப் போட்டேன். அன்பரசன், பிரெஞ்சுத் துறை.

தாளாளர் போனை எடுத்தார். "ஏலே சங்கரபாண்டி, சார் ஓகே பண்ணிட்டாக. ரெண்டு லட்சம் ஓட்டு. மொத லோடு பாண்டிச்சேரிக்கு." போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அங்கனதான் சார் பிரெஞ்சு படிச்சவுக இருக்காக. நம்ம தரம் அவுகளுக்குத்தான் தெரியும்."

நான் பிரெஞ்சு படித்ததும் அங்கேதான். என் பேராசிரியர் தீபாவளிக்குப் பேரனோடு கடைக்குப் போய்ப் பார்த்துப் பார்த்துப் பட்டாசு வாங்குகிறவர். பெட்டியில் ஒரு வரி விடாமல் படிப்பார்.

ஸ்ரீமதி நாற்காலியிலிருந்து கையை எடுத்தாள். புரூஃபை ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

வீட்டில் தமிழில் சொல்ல முடியாததை அவள் இரண்டு லட்சம் பெட்டிகளின் மேல், தன் சிரிப்புக்குக் கீழே சொல்லிவிட்டாள்:

'எனக்கு வெடிச் சத்தம் என்றால் பயம்.'