வாசல் பிரிண்டர்

"தங்கச்சி, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. வைச்சாத்தான் சுழியோடிகளை அனுப்பித் தேடலாமாம்."

கம்பனியின் வாசல் மேசையில் வேலை பார்க்கும் கிறிஸ்டின் பேனையை நீட்டினாள்.

பஸ்மியா கிண்ணியாவிலிருந்து விடியவே ஓடி வந்தவள். புருஷன் றுவைஸுக்கு இந்தக் கம்பனியில்தான் வேலை. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் அடிப்பக்கத்தைத் தண்ணீருக்குள் இறங்கிச் சுரண்ட வேண்டும். நேற்றுக் காலை இறங்கியவன் மேலே வரவில்லை.

"அவர் நல்லா நீந்துவார் மிஸ். எங்கயாச்சும் ஒதுங்கிக் கிடப்பார். கெதியாத் தேடச் சொல்லுங்க."

மனேஜர் தன் கையாலேயே அவளுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போயிருந்தார்.

கடிதத்தில் இருந்தது என்னவோ, என்ன நடந்தாலும் கம்பனிக்குப் பொறுப்பில்லை, நட்டஈடு கேட்கமாட்டேன் என்றுதான். கிறிஸ்டினுக்கு மனம் ஒப்பவில்லை. ஆனாலும் ஆளைத் தேடவேண்டிய நேரத்தில் கடிதத்தைப் பார்த்துக்கொண்டா இருப்பது?

பஸ்மியா பேனையை வாங்கினாள்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்திலிருந்த பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. அதிலும் கையெழுத்து வைக்கவேண்டுமாக்கும் என்று பஸ்மியாவே எடுத்தாள். நாலு வரி இங்கிலீஷ் மெயில். அவளுக்கு விளங்க அது போதும். றுவைஸின் உடலை எடுத்து ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள்.

"யா அல்லாஹ்!"

பேனை ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வெளியே ஓட்டோவில் நின்ற அவளின் கூடப்பிறந்த நானா ஓடிவந்து, அவளைத் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். கடிதம் மேசையில் அப்படியே கிடந்தது.

"எந்த மடையன் இதை வாசல் பிரிண்டருக்கு அனுப்பினது?" மனேஜர் கத்தினார்.

"மாறிப் போச்சுது சேர்," என்றான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் துவாரகன்.

"நாளைக்கு இந்தப் பக்கம் வராத!"

கிறிஸ்டினுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவனிடம் போனாள். விண்டோஸுக்குக் காசு கொடுக்க மனமில்லாத மனேஜர் அங்கே லினக்ஸ் போட்டு வைத்திருந்தார். துவாரகன் மவுஸைத் தொடவே மாட்டான். கறுப்புத் திரையில் கட்டளை தட்டித்தான் பிரிண்ட் எடுப்பான்.

"பெரிய ஆளெண்டு காட்டத் தட்டித் தட்டி, இப்ப என்ன செய்து வைச்சிருக்கிறீர்? புருஷன் செத்த சேதி ஒரு பொம்பிளைக்கு இப்பிடியோ வரோணும்? நெஞ்சில ஈரமில்லையோ உமக்கு?"

அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான்.

"பிரிண்டரின்ர பேர் அடிக்காட்டி எல்லாம் சேரின்ர அறைக்குத்தான் போகும், மிஸ். வாசலுக்குப் போகோணுமெண்டால் அந்தப் பிரிண்டரின்ர பேரையும் சேர்த்து அடிக்கோணும்."

திரையில் கடைசி வரி அழியாமல் நின்றது.

lp -d vaasal mail.pdf

"அப்ப... வேணுமெண்டே அடிச்சனீரோ?"

"ஓம். மெயில் நேற்றுப் பின்னேரமே வந்திட்டுது, மிஸ். அவ கையெழுத்து வைச்ச பிறகு சொல்லுவம் எண்டு சேர் சொன்னவர்."